இருபத்தோராவது தட்டு

"வாங்கிப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. இன்னும் பயன்படுத்தவில்லை. காலாவதி ஆகியிருக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதித்தான் ஒன்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். வீடியோ கேம்களை இணையத்தில் விற்கும் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. ஓசூர் ரோட்டை ஒட்டிய கட்டடத்தில் நாலாவது மாடி. பெட்டி, வட்டு எதையும் நாங்கள் அனுப்புவதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு கோட் வரும், அதை உங்கள் கணக்கில் தட்டினால் விளையாட்டு உங்களுடையது. தள்ளுபடி நாளில் ஆசைப்பட்டு நாலைந்து வாங்கிப் போட்டுவிட்டு, வேலை, கல்யாணம், பிள்ளை என்று ஓடி, ஒருநாள் திடீரென்று ஞாபகம் வந்து பதறிக்கொண்டு எழுதுவார்கள்.

பதில் எனக்கு மனப்பாடம். காசு கொடுத்து வாங்கிய கோட் பெரும்பாலும் காலாவதி ஆவதில்லை. இலவசமாக வந்தது, வேறு ஏதாவது பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்றால் கடைசித் தேதி இருக்கலாம், பார்த்துச் சொல்கிறோம். விளையாட்டைச் செய்தவர்களே கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டால் கோட் உயிரோடு இருந்தும் பிரயோஜனம் இல்லை. இதைத்தான் சுற்றிச் சுற்றிப் பணிவாக எழுதுவேன். நேரில் பேசும் வேலையாக இருந்தால் என்னை என்றைக்கோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். எழுத்தில் மூக்கு தெரியாது.

இத்தனை ஆயிரம் பேருக்கு உண்மையைச் சொன்ன நான், இதே கேள்விக்கு ஒரே ஒருத்தரிடம் பொய் சொன்னேன். என் அக்காவிடம்.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அக்காவுக்குப் பதினாலு, எனக்குப் பதினொன்று. எங்கள் ஏரியாவான அடுகோடியில் அப்பா வேலை பார்த்த பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீஸை மூடினார்கள். அங்கே கழித்துப் போட்டதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மடியில் மானிட்டரை வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவரைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டே வந்ததாகச் சொல்வார். அதை வைக்க இடமில்லாமல் அம்மாவின் தையல் மெஷின் மேல் பலகை போட்டு வைத்தோம். அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்க வேண்டிய நாளில் கம்ப்யூட்டர் கட்டில் மேல் ஏறும், நாங்கள் தரையில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம்.

இரண்டு பேர், ஒரே கீபோர்டு. அம்புக்குறிப் பொத்தான்கள் உள்ள வலது பக்கம் அக்காவுடையது, பெரியவள் என்பதால். இடது பக்கத்து எழுத்துகள் எனக்கு. அந்தப் பழைய கீபோர்டில் ஒரே நேரத்தில் மூன்று நாலு பொத்தானை அழுத்தினால் ஒன்றும் வேலை செய்யாது, 'பீப்' என்று கத்தும், திரையில் இரண்டு பொம்மையும் நின்றுவிடும். "கைய எடுடி!" என்பாள் அக்கா. "நீ எடு!" என்பேன் நான். கொஞ்ச நாளில் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவள் குதிக்கும்போது நான் நிற்பேன், நான் குதிக்கும்போது அவள் நிற்பாள். யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு, "சாப்பாட்டுத் தட்டுக்கு அடிச்சிக்கிறீங்க, இதுல மட்டும் எப்படிடி இவ்ளோ ஒத்துமை?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருடங்கள் திரும்ப வருமென்றால் நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அக்கா படித்தாள், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள். நான் ஓரளவு படித்து, கேம் ஆடியதை வைத்தே வேலை வாங்கினேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம், ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸில் ஒரு கூத்து. மற்ற கம்பெனிகளில் இனிப்புப் பெட்டி கொடுப்பார்கள், எங்கள் மேனேஜர் ஆளுக்கு இரண்டு அட்டை கொடுத்தார். விளையாட்டின் கோட் அச்சடித்த, சுரண்டிப் பார்க்கும் அட்டை. முன்னால் வரிசை எண் இருக்கும், கோட் வெள்ளிப் பூச்சுக்கு அடியில் இருக்கும். இரண்டுமே ஒரே விளையாட்டு. அதை ஆட இரண்டு பேர் வேண்டும், இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு கோட் வேண்டும். ஒரு பழைய கப்பல், அதில் ஒருத்தி மேல்தளத்தில் மாட்டிக்கொண்டிருப்பாள், ஒருத்தி கீழ்த்தளத்தில். மேலே இருப்பவள் பார்ப்பதைச் சொன்னால்தான் கீழே இருப்பவளால் கதவைத் திறக்க முடியும், கீழே இருப்பவள் சொன்னால்தான் மேலே இருப்பவளுக்கு வழி கிடைக்கும். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது, பேசிப் பேசித்தான் வெளியே வரவேண்டும்.

வீட்டுக்கு வந்து காட்டியதும் அக்கா சொன்னாள், "இது நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடி. நான் மேல, நீ கீழ. ஒருத்திய விட்டுட்டு ஒருத்தி ஆடக்கூடாது. சத்தியம் பண்ணு." கல்யாண வேலையில் அப்போது ஆட நேரமில்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் தலையில்தான்.

கல்யாணத்தன்று காலையில் சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்து எண்ணிப் பார்த்த அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இருபது தட்டு. இரட்டைப்படையில் சீர் கொண்டுபோகக் கூடாது. ஒன்றை எடுத்துவிடலாம் என்றால் மாப்பிள்ளை வீட்டில் இருபத்தொன்று என்று முன்பே சொல்லியாகிவிட்டது. மண்டபத்துக்கு எதிரே ஒரு கடைகூடத் திறக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் என் கைப்பையைப் பார்த்தேன். அக்காவிடம் தனியாகக் கொடுக்க வைத்திருந்த அவளுடைய அட்டை அதில் இருந்தது. அதை ஒரு புதுக் கவரில் போட்டு, வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழத்தோடு தட்டில் வைத்தேன். அம்மா அட்டையை வெளியே எடுத்து முன்னும் பின்னும் மஞ்சள் தடவி மறுபடி கவரில் போட்டாள். கவரின் நாலு மூலைக்கும் ஒரு தடவல். "என்ன அது?" என்று கேட்கக்கூட அவளுக்கு நேரமில்லை. இருபத்தோராவது தட்டாக ஒரு வீடியோ கேம் ஊர்வலம் போனது. நான் காதில் சொன்னதும், மேடையில் அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணுக்கு எவ்வளவு வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சினார்கள்.

தப்பு அங்கேதான் நடந்தது. சீர்ப் பொருட்களை எடுத்து வைத்த அவள் மாமியார், "இந்தக் கவர்ல என்ன?" என்று கேட்டிருக்கிறார். புது மருமகள் 'கம்ப்யூட்டர் விளையாட்டு' என்று எப்படிச் சொல்வாள்? "தங்கச்சியோட வாழ்த்து, அத்தே" என்று சொல்லி வைத்தாள். மஞ்சள் தடவிய வாழ்த்து! மாமியார் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதைப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அதற்கப்புறம் அதைத் தொட யாருக்கு உரிமை உண்டு? அக்காவும் கேட்கவில்லை. "பாத்துக்கலாம்டி, எங்க போயிடப் போவுது?" என்பாள்.

அவளைக் கட்டிக்கொடுத்தது அத்திபெலேயில். அங்கே அவர்களுக்குப் பெயின்ட் கடை. அடுகோடியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம், டிராஃபிக் இருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கம்தான், ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் 'அடுத்த வாரம் வரேன்' என்று சொல்லி ஏமாற்றுவார்கள். முதல் வருடம் புது வீடு, இரண்டாவது வருடம் பிள்ளை வயிற்றில், மூன்றாவது வருடம் பிள்ளை கையில்.

என் அட்டைக்கு அடுத்த எண்தான் அவளுடையது. அதனால் ஆபீஸில் வேலை குறைந்த நேரத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். கோட் எங்களுக்கும் தெரியாது, நிலைமை மட்டும் தெரியும். 'பயன்படுத்தப்படவில்லை.' கடைசித் தேதி என்ற இடம் காலியாக இருக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்திருப்பேன். என்னவோ அவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஒரு நிம்மதி.

அந்த மூன்றாவது வருடம் என் பிறந்தநாளுக்கு வருகிறேன் என்றாள், வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு என்றாள், அதுவும் இல்லை. மூன்றாவது ஞாயிறு நான் பிரியாணி செய்து வைத்துக்கொண்டு மூன்று மணி வரை பார்த்தேன். போனில், "பிள்ளைக்கு ஜலதோஷம்டி, பேஜாரா இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். எனக்கு ஏறியது பாருங்கள் கோபம்! மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் சேலத்துப் பெண்ணிடம் கேட்டேன், "ஒரு கப்பல் கேம் இருக்கு, வர்றியா?" அவள் பொம்மனஹள்ளியில் பி.ஜி. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமையை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் இருந்தவள். தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டாள். நான் மேல்தளம் எடுத்துக்கொண்டேன். அக்காவின் இடம் என்று தெரிந்தேதான் எடுத்தேன். நாலு ஞாயிற்றில் ஆடி முடித்தோம்.

நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசிக் கதவு திறந்து கடல் தெரிந்தபோது அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தாள், நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், அவள் கேட்கவே இல்லை. வருடங்கள் ஓடின.

இந்த வருடம் அவர்கள் வீட்டில் பூஜை அறைக்குப் புது டைல்ஸ் போட்டார்கள். படங்களை இறக்கும்போது கவர் வெளியே வந்தது. அக்கா போன் செய்தாள். குரலில் பழைய துள்ளல்.

"அடியே, கிடைச்சிடுச்சுடி! அத்தையே கையில குடுத்து, 'இது உன் சீருல வந்தது, யாரும் பிரிக்கல'ன்னு சொன்னாங்க. கடைக்கு வாங்கின லேப்டாப் இருக்கு. பின்னாடி என்னவோ தேதி மாதிரி தெரியுது, மஞ்சள் அப்பிக் கெடக்கு, படிக்க முடியல. ஏழு வருஷமாச்சே, இன்னும் வேலை செய்யுமா?"

ஒன்பது வருட வேலை அனுபவம் என் நாக்கு நுனியில் இருந்தது. செய்யும், அக்கா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அவள் அடுத்து, "நீ இன்னும் தொறக்காமத்தானே வெச்சிருக்கே?" என்று கேட்டாள். 

"அது ஆபீஸ்ல சும்மா குடுத்ததுக்கா," என்று பூசி மெழுகினேன். "காசு குடுத்து வாங்கினா வேற. சும்மா குடுத்ததுக்கெல்லாம் கடைசித் தேதி இருக்கும். போயிருக்கும்."

"போயிடுச்சா?"

"ம்."

"சரி விடு," என்றாள். அந்த 'சரி விடு'வை நான் இரண்டு நாள் சுமந்தேன். அட்டை செத்துப் போயிருந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். செத்துவிட்டால் என் திருட்டுத்தனமும் அதோடு போய்விடும். ஆனால் ஆபீஸில் எண்ணைப் போட்டால் அதே பதில்தான் வந்தது. பயன்படுத்தப்படவில்லை, கடைசித் தேதி இல்லை.

மூன்றாம் நாள் காலை, என் மேஜைக்கு ஒரு மெயில் வந்து விழுந்தது. பழைய அட்டைகள் பற்றிய கேள்வி எல்லாம் என்னிடம்தான் வரும், அந்தத் தலைவலியை வேறு யாரும் தொடமாட்டார்கள். வரிசை எண்ணைப் பார்த்தேன், என் அட்டைக்கு அடுத்த எண். கணக்கு டீச்சர் ஆங்கிலம், ஒரு பிழை கிடையாது. தமிழில் சொன்னால் இப்படி:

"இந்த அட்டை என் கல்யாணச் சீரில் வந்தது. பின்பக்கம் மஞ்சள் பட்டு எழுத்து தெரியவில்லை. காலாவதி ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா? ஆகியிருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும். இது இரண்டு பேர் ஆடுவது. என் தங்கை ஏழு வருடமாக இதைத் தொடாமல் எனக்காகக் காத்திருக்கிறாள்."

கழிப்பறைக்குப் போய் அழுதேன். திரும்பி வந்து, சேலத்துப் பெண்ணிடம் இதைத் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். எந்த முகத்தோடு தள்ளுவது? ஆபீஸ் எனக்கு வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெயரின் பின்னால் ஒளிந்துகொண்டு பதில் எழுதினேன். உங்கள் அட்டைக்குக் கடைசித் தேதி எதுவும் இல்லை. கோட் பயன்படுத்தப்படவில்லை, இன்றும் வேலை செய்யும். மகிழ்ச்சியாக ஆடுங்கள்.

பத்தாவது நிமிடம் போன். "உங்க ஆபீஸ்ல யாரோ நல்லா பதில் போட்டிருக்காங்கடி. உனக்கே தெரியலயே!" ஆமாம் அக்கா, எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்துக்கொண்டோம். சனிக்கிழமையே நான் என் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஆட்டத்தை அழித்துவிட்டேன், தடயம் தெரியக்கூடாது என்று. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டதும் அவள் ஊக்கால் அட்டையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே தட்டினாள். "வந்துடுச்சு! வந்துடுச்சுடி!" என்று கத்தினாள். அவள் மகள் ஓடிவந்து "என்னம்மா?" என்று கேட்க, "சும்னே இரு, சித்திகூட விளையாடறேன்" என்று கன்னடம் கலந்து விரட்டினாள். நாற்பதை நெருங்கும் பெண் போடும் சத்தமா அது!

அக்கா மேலே, நான் கீழே. சொன்னபடி. கீழ்த்தளம் எனக்கு உண்மையிலேயே புதிது. அவள் பார்க்கப்போவதெல்லாம்தான் எனக்கு அத்துப்படி. தெரியாததுபோல் இருந்துவிடலாம் என்று தைரியமாகவே இருந்தேன். முதல் அறையில் அவள் திணறினாள், நானும் திணறினேன். இரண்டாவது அறையில் அவள் சிரித்த சிரிப்பில் நான் எல்லாவற்றையும் மறந்தேன். பதினொரு வயது திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவது அறைக்குள் நுழைந்தாள். "இரு இரு, இங்க ஒரு நீளமான சுவரு. சுவத்துல என்னவோ வரிசையா மாட்டியிருக்கு..."

"மூணாவது விளக்க அணைச்சிடுக்கா," என்றேன் நான்.

 என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"விளக்குன்னு நான் சொல்லவே இல்லையேடி," என்றாள் அக்கா.

சப்பைக்கட்டு கட்ட எனக்கு ஆயிரம் தெரியும், அன்று ஒன்றையும் கட்டவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்தநாள், பிரியாணி, சேலத்துப் பெண், நாலு ஞாயிறு, உன் இடத்தில்தான் ஆடினேன், பயந்துதான் காலாவதி என்று பொய் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சுக்கா."



"வலிக்குதுடி," என்றாள். "இல்லன்னு சொல்லமாட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன்." பிறகு குரல் மாறியது. "பழைய அட்டையெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்னு நீதானே வர்றப்பல்லாம் அலுத்துக்குவே? போன்ல நீ 'ம்'னு இழுத்தப்பவே பொய்யின்னு தெரிஞ்சிடுச்சு. நேரா கேட்டா நீ இன்னும் நாலு பொய் சொல்லுவே. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அதான் ஆபீஸுக்கு எழுதினேன். அங்க உன்னால பொய் சொல்ல முடியாதில்ல?"

 நான் ஒளிந்துகொண்டு எழுதிய அந்த மூன்று வரியை அவள் யார் எழுதியது என்று தெரிந்தேதான் படித்திருக்கிறாள். தெரிந்தேதான் அட்டையைச் சுரண்டினாள், தெரிந்தேதான் அப்படிக் கத்தினாள். ஏன் கத்தினாய் என்று கேட்டேன்.

"பின்ன? நீ எழுதினது நெசம்தான்னு ஆயிடுச்சே. நீ உண்மையச் சொல்லுவியோ மாட்டியோன்னு மூணு நாளா தூங்கல நானு."

மூன்றாவது விளக்கை அணைத்தாள். என் பக்கத்தில் ஒரு கதவு திறந்தது. அவள் அடுத்த அறைக்குள் போனாள். "இங்க ஒரு பெரிய மேஜை, அது மேல மேப் மாதிரி என்னவோ..." என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். எனக்கு மூலை மூலையாகத் தெரிந்த அறை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கடைசி வரை சொல்லவிட்டேன்.